உறுமி வரும் பதிமூன்று வழிகள்

தைப்பூசத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே எங்கள் மாடியில் உறுமி கேட்க ஆரம்பித்துவிடும். செந்தூல் பக்கம் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், பக்கத்து வீட்டு அக்காவின் மகன் ஒரு மேளக் குழுவில் இருக்கிறான். சனி, ஞாயிறு மாலையில் நான்கைந்து பையன்கள் சேர்வார்கள். தவில் எனக்குப் பொருட்டில்லை. பம்பையும் பரவாயில்லை. உறுமிதான் ஆளை ஒரு வழி பண்ணிவிடும். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது ஒரு 'ஊ...ம்' வருமே, அது காது வழியாக வராது. நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்காரும். பத்துமலை அடிவாரத்தில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். மறுநாள் காலை கொடுக்கவேண்டிய அறிக்கையோடு படுக்கையறை மேசையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் வேறு மாதிரி.

இதில் கூத்து என்னவென்றால், என் பிழைப்பே இதுதான். கட்டடம் எழும்புவதற்கு முன்னால், வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த அறையில் பேசினால் அடுத்த அறையில் எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. பதினைந்து வருஷமாகக் கோலாலம்பூரில் இந்த வேலை. ஊரார் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் ஜாதகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன டிசம்பரில் பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி, எங்கள் படுக்கையறைப் பக்கம் ஒரு பொய்ச்சுவர் எழுப்பினேன். 25 மில்லிமீட்டர் இரும்புச் சட்டம், அதன்மேல் ஒரே ஓர் அடுக்கு ஜிப்சம் பலகை, மேலே வெள்ளைப் பெயிண்ட். உள்ளே பஞ்சு வைக்கவில்லை. அறை ஏற்கனவே சின்னது, இடம் போய்விடக்கூடாது என்பதுதான் அப்போது பெரிய கவலை. இரண்டு நாள் வேலை, 1,800 வெள்ளி. கணக்குப் போட்டேனா? போடவில்லை. சொந்த வீடுதானே, இதற்கெல்லாம் யாராவது கணக்குப் போடுவார்களா என்று ஓர் அலட்சியம்.

அடுத்த சனிக்கிழமை உறுமி தொடங்கியது. மனைவி சமையலறையிலிருந்து வந்து அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

“ஏங்க, முன்ன அக்கா வீட்டுல வாசிச்சானுங்க. இப்ப நம்ம அலமாரிக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கே?”

ஒலி அளவி ஒன்று அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. எடுத்து அளந்தேன். சுவர் எழும்புவதற்கு முன் ஒரு சனிக்கிழமை எரிச்சலில் அளந்து வைத்த எண்களும் கையில் இருந்தன. பையன்கள் வாரா வாரம் ஒரே அளவில் அடிப்பார்கள் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் பேச்சுச் சத்தம், தவிலின் வலந்தலை எல்லாம் நன்றாக இறங்கியிருக்க, அடித்தொனிப் பகுதியான 125 ஹெர்ட்ஸ் பட்டை ஒன்று மட்டும் 4 டெசிபெல் ஏறி நின்றது. உறுமி குடியிருக்கும் பட்டை அதுதான்.

காரணம் என்ன என்று உடனே தெரிந்துவிட்டது. அதுதான் அவமானம். செங்கல் சுவர் ஒரு பாரம். ஜிப்சம் பலகை இன்னொரு பாரம். நடுவில் அடைபட்டுக் கிடக்கும் காற்று ஒரு சுருள்வில் மாதிரி. இரண்டு பாரங்களையும் ஒரு வில்லையும் சேர்த்துவிட்டால் அதற்கென்று ஒரு சுருதி வந்துவிடும்; அந்தச் சுருதியில் வரும் சத்தத்தை அது தடுக்காது, கூடச் சேர்ந்து பாடும். சுருதி எது என்று கண்டுபிடிப்பது, தே தாரிக் ஆறுவதற்குள் முடிகிற கணக்கு. பலகை சதுர மீட்டருக்கு 10 கிலோ. இடைவெளி 0.025 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.25. அதன் வர்க்கமூலம் 0.5. சூத்திரத்தில் வரும் மாறா எண்ணான 60ஐ அதால் வகுத்தால் 120. ஆக, 120 ஹெர்ட்ஸ். உறுமிக்கென்றே அளவெடுத்து ஒரு பெட்டி செய்து, என் தலைமாட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

இதே சுவரை 100 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, உள்ளே ராக்வூல் என்ற பாறைப் பஞ்சு நிரப்பி, 25 கிலோ வரும்படி கனமான பலகை இரண்டடுக்கு அடித்திருந்தால் அந்தச் சுருதி 38 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். உறுமி அதற்கு மேலே நின்று தவித்திருக்கும். அறையில் 13 சென்டிமீட்டர் போயிருக்கும், அவ்வளவுதான்.

சத்தத்தைத் தடுக்க வேண்டுமென்றால் முதலில் எடை வேண்டும். பஞ்சு, முட்டை அட்டை, சுவரில் ஒட்டும் நுரைப் பாய் எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த வீட்டுக்குப் போகும் சத்தத்தை நிறுத்தாது. முட்டை அட்டை ஒட்டிக்கொண்டு, “எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் கேக்குது” என்று வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். ஒலி வந்து சுவரில் மோதும்போது சுவர் அசைய வேண்டும், அசைந்தால்தான் அந்தப் பக்கத்துக் காற்றும் அசையும். கனமானது கம்மியாக அசையும். எடை இரண்டு மடங்கானால் கணக்குப்படி 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும். அதிர்வெண் இரண்டு மடங்கானாலும் அதே 6. இந்த இரண்டாவது பாதிதான் குடிகெடுப்பது. நாலரை இன்ச் செங்கல் சுவர், இரண்டு பக்கப் பூச்சும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 230 கிலோ வரும். காகிதக் கணக்கில் 500 ஹெர்ட்ஸுக்கு 54 டெசிபெல் தடுக்கும். அதே சுவர் 125 ஹெர்ட்ஸுக்கு 42தான். நிஜச் சுவர் அதைவிடவும் கொஞ்சம் குறைத்தே தரும். 10 டெசிபெல் வித்தியாசம் என்றால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். பக்கத்து வீட்டில் சண்டை என்பது தெரியாமல், மேளம் மட்டும் தெரிவது இதனால்தான்.

எடைக்கு நல்ல உதாரணம் பினாங்கில் எங்கள் சின்னம்மா குடியிருந்த கடைவீடு. ஜார்ஜ்டவுனில் குயீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், அதாவது 1833இல் எழுந்த கோயில், அதற்குக் கூப்பிடு தூரம். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கடைவீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், நல்ல தடிமனான செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. பள்ளி விடுமுறைக்கு அங்கே போவோம். பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர். அவர் வீட்டில் யார் என்ன பேசினாலும் எங்களுக்குக் கேட்காது. ஆனால் அவர் மேல்மாடியில் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தால் எங்கள் பலகைத் தரையில் படுத்திருக்கும் எனக்கு முதுகுத்தண்டில் தெரியும். தடதடவென்று ஓடி, துணியின் மூலை திரும்பும் இடத்தில் நின்று, மறுபடி ஓடும். சட்டைக் காலரா, நீளத் தையலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் போலிருக்கும்.

பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. கடைவீடுகளில் மாடித் தரையைத் தாங்கும் மர உத்திரங்கள் ஒரு பொதுச் சுவரிலிருந்து இன்னொரு பொதுச் சுவருக்கு ஓடுகின்றன. அவர் வீட்டு உத்திரத்தின் முனையும் எங்கள் உத்திரத்தின் முனையும் ஒரே சுவருக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் புதைந்திருக்கின்றன. பேச்சு காற்றில் வந்து சுவரில் மோதி அங்கேயே நின்றது. மிதி மரத்தில் இறங்கி, மரத்திலிருந்து செங்கலுக்குப் போய், செங்கலிலிருந்து மறுபடி மரத்துக்கு ஏறி என் முதுகுக்கு வந்தது. சுவர் கனமாகத்தான் இருந்தது, ஆனால் வந்தவன் வாசல் வழியாக வரவில்லை.

அந்தத் தடித்த சுவரும் அமைதிக்காகக் கட்டப்பட்டதில்லை. தீக்குப் பயந்து கட்டியது. கோலாலம்பூரை 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்பு ஓலையும் பலகையுமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடுமாகத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் பிடிவாதம் பிடித்தார். அதற்குச் செங்கல் சுட்ட இடம்தான் இன்றைக்கு நாம் வாழையிலைச் சோறு சாப்பிடப் போகும் பிரிக்பீல்ட்ஸ். இன்றைக்கும் நம் நாட்டுக் கட்டட விதிகளில் பொதுச் சுவர் பற்றிய பகுதியைப் படித்தால் தீ வாடைதான் அடிக்கும். 1984ஆம் ஆண்டு விதிகள், பொதுச் சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, கூரையைத் தாண்டி 230 மில்லிமீட்டராவது மேலே எழ வேண்டும் என்கின்றன. காங்கிரீட் சட்டகத்தில் எழும்பும் அடுக்குமாடிக்கும் தொடர் வீட்டுக்கும் 100 மில்லிமீட்டர் போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. தீயைப் பொறுத்தவரை அது நியாயம். ஆனால் அதுவரை தீத் தடுப்போடு இலவச இணைப்பாக வந்துகொண்டிருந்த அமைதியில் ஐந்தாறு டெசிபெல் அந்த இடத்தில் கழன்று விழுந்துவிட்டது. விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. என் படுக்கையறைச் சுவர் அந்த 100 மில்லிமீட்டர் வகை.

சரி, எடை இருந்தால் போதுமா என்றால், ஓட்டை இருக்கக்கூடாது. ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கை இரும்பாலேயே வார்த்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. சாதாரணக் கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறோம், இல்லையா? அந்த ஒரு கீற்று, கதவு எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும், 23 டெசிபெலில் பூட்டிவிடும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் எல்லா வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. “இந்தக் கோடியில தாளிச்சா அந்தக் கோடியில தும்முவாங்க” என்பார். யார் வீட்டில் குழந்தை அழுதது, யார் சம்பளத்தன்று தாமதமாக வந்தார் என்பதெல்லாம் வரிசை முழுக்கத் தெரிந்த செய்தி. ரகசியம் பேச வேண்டுமென்றால் ரப்பர் மரத்தடிக்குப் போக வேண்டும்.

சில வருஷத்துக்கு முன் நகரின் நடுவில், முப்பது மாடிக்கு மேலே ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பணியாளர் மேலாளரின் அறையில் பேசுகிற சம்பளக் கணக்கு பக்கத்துக் கூட்ட அறையில் வரிக்கு வரி கேட்கிறது. நடுவில் 12 மில்லிமீட்டர் கண்ணாடித் தடுப்பு. கண்ணாடியைக் குறை சொல்லக் காரணம் இருக்கிறது. எந்தத் தகட்டுக்கும் ஒரு பலவீனமான அதிர்வெண் உண்டு. காற்றில் வரும் அலையும் தகட்டில் ஓடும் வளைவும் அங்கே கைகோத்துக்கொள்ளும். லோதர் கிரேமர் என்ற ஜெர்மானியர் 1942இல் இதை விளக்கினார். 12 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அது 1000 ஹெர்ட்ஸ் அருகில், மனிதப் பேச்சின் நட்ட நடுவில் விழுகிறது. கண்ணாடியை இரட்டையாக மாற்ற விலைப்பட்டியல் கூட வாங்கி வைத்திருந்தார்கள். நான் ஒரு நாற்காலியில் ஏறி, பொய்க்கூரையின் அட்டை ஒன்றைத் தள்ளி, உள்ளே டார்ச் அடித்தேன். தடுப்பு அந்த அட்டை மட்டத்திலேயே நின்றுபோயிருந்தது. மேலே ஏசி குழாயும் ஒயர்களுமாக ஒரே வெளி. அடுத்த அறையின் விளக்குத் தலை தெரிந்தது, அதற்கடுத்த அறையின் தலையும் தெரிந்தது.

லயம்! சலவைக்கல் பதித்த முகப்பும் விரல்ரேகைக் கதவும் வைத்த லயம். சத்தம் கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், லேசான கூரை அட்டையில் ஏறி, அந்தப் பக்க அட்டை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தொடாமல், தடுப்புக்கு நேர் மேலே காங்கிரீட் வரை பலகை அடைக்கச் சொன்னேன். குழாய் நுழையும் இடங்களை அடைக்கத்தான் நாளானது.

இனி, பதிமூன்று வழிகள். சுவர் தயாரிப்பாளர் தரும் காகிதத்தில் 50 டெசிபெல் என்று இருக்கும். அது ஆய்வகத்தில் அளந்தது. அங்கே சத்தம் போக அந்தச் சுவரைத் தவிர வேறு வழி இல்லாதபடி அறைகளைப் பிரித்துக் கட்டியிருப்பார்கள். வீட்டில் அப்படியா? இரண்டு அறைக்கும் பொதுவாகத் தரை ஓடுகிறது, மேல்தளம் ஓடுகிறது, வெளிச்சுவர் ஓடுகிறது, நடைபாதைப் பக்கச் சுவர் ஓடுகிறது. பக்கத்து வீட்டுச் சத்தம் தன் தரையில் மோதி, தரையோடு நடந்து வந்து, என் தரையிலிருந்து வெளிவரலாம். அவர்கள் தரையில் ஏறி, சந்திப்பில் திரும்பி, பொதுச் சுவரிலிருந்து வெளிவரலாம். பொதுச் சுவரில் ஏறி, என் தரையில் இறங்கலாம். தரைக்கு மூன்று. இப்படி நான்கு பக்கத்துக்கும் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு. நேராகச் சுவரைத் துளைத்து வருவது ஒன்று. மொத்தம் பதிமூன்று.

இதைக் கணக்காக்கியவர்களில் முக்கியமானவர் எடி கெரட்சென் என்ற நெதர்லாந்துக்காரர். 1979இல் அவர் வெளியிட்ட முறைதான் பின்னால் வளர்ந்து, 2000இல் ஐரோப்பியத் தரமாகி, 2017இல் ஐஎஸ்ஓ 12354 என்று உலகத் தரமானது. நான் தினமும் திறக்கும் மென்பொருளின் வயிற்றுக்குள் இருப்பது அதுதான். ஒவ்வொரு வழிக்கும் இரண்டு முனைத் தகடுகளின் தடுப்பையும், நடுவில் இருக்கும் சந்திப்பில் எவ்வளவு அதிர்வு தொலைகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். கனமான தளத்தில் கனமான சுவர் குறுக்கே நின்றால் சந்திப்பில் நல்ல இழப்பு. கனமான தளத்தின் மேல் லேசான சுவர் சும்மா உட்கார்ந்திருந்தால் தளத்தில் போகும் அதிர்வு அதைச் சட்டை செய்யாது, நேரே போய்க்கொண்டிருக்கும். ராக்கெட் நடுங்குவதைக் கணக்குப் போட 1960களில் ரிச்சர்ட் லயன் போன்றவர்கள் வளர்த்த ஆற்றல் முறையும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான். இங்கே அது பற்றி வேண்டாம், ஊர் போய்ச் சேர மாட்டோம்.

எண் போட்டுப் பார்த்தால்தான் வலிக்கும். நேர் வழி 50 டெசிபெல் தடுக்கிறது, மற்ற பன்னிரண்டும் ஒவ்வொன்றும் 60 தடுக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் நேர் வழியைவிடப் பத்தில் ஒரு பங்குதான் கொண்டுவருகிறது, அற்பம். ஆனால் பன்னிரண்டு அற்பம் சேர்ந்தால் நேர் வழியை மிஞ்சிவிடும். மொத்தம் 46.6தான் நிற்கும். இப்போது என் பக்கம் ஒரு பிரமாதமான பொய்ச்சுவர் போட்டு, பொதுச் சுவரிலிருந்து வெளிவரும் எல்லா வழியையும் 15 டெசிபெல் ஏற்றுகிறேன். நேர் வழி 65 ஆகும். பன்னிரண்டில் நான்கு 75 ஆகும். மீதி எட்டும் அந்தப் பொய்ச்சுவர் எழும்பியதையே அறியாமல் தரையிலும் மேல்தளத்திலும் பக்கச் சுவரிலும் வந்துகொண்டே இருக்கும். மொத்தம் 50.7. கொடுத்த காசு 15க்கு, கையில் கிடைத்தது 4.

அதாவது, ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் என் 1,800 வெள்ளியில் பெரும்பகுதி தண்டம்தான். இதை நானே எத்தனையோ பேருக்குக் கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

இந்தக் கணக்குகளை நான் முழுசாக நம்புவதும் இல்லை. இவை குளிர் நாட்டில் பிறந்தவை, ஜன்னலை மூடிவிட்டார்கள் என்ற நினைப்பில் போடப்பட்டவை. நம் ஊரில் மாலை நேரம் யார் மூடுகிறார்கள்? பக்கத்து வீட்டுக் கண்ணாடிச் சிறகு ஜன்னல் திறந்திருக்கும், ஓரடி தள்ளி எங்கள் ஜன்னலும் திறந்திருக்கும். பதினாலாவது வழி. சுவருக்கு மேலே காற்றுக்கல் வைத்த பழைய பிளாட்டுகளில் பதினைந்தாவதும் உண்டு. அளக்கப் போகும்போது எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, ஒலிபெருக்கியில் 'ஷ்ஷ்' என்று அருவி மாதிரிச் சத்தம் விட்டு, 100 ஹெர்ட்ஸ் முதல் 3150 வரை பதினாறு பட்டையாகப் பிரித்து அளந்து, நல்ல எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். நாங்கள் இறங்கிப் போன பிறகு ஜன்னல் திறக்கிறது.

அறையும் தன் பங்குக்கு விளையாடும். வாலஸ் கிளமென்ட் சேபின் என்ற இயற்பியலாளர் 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையைச் சரிபண்ணச் சொல்லி ஏற்றுக்கொண்ட கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் பாடம். ஒரு சொல் சொன்னால் 5 விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த அறை. அவர் இரவில் வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து போட்டு, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அடுத்த வீட்டுச் சத்தத்துக்கும் இது பொருந்தும். சாவி வாங்கிய அன்று, வெறும் டைல்ஸும் சுவருமாக இருக்கும் அறையில் சத்தம் ஒன்றரை விநாடி சுற்றும். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி வந்த பிறகு அரை விநாடி. அதே சுவர், அதே பக்கத்து வீடு, 5 டெசிபெல் வித்தியாசம். புது வீட்டுக்குப் போன முதல் வாரம் “என்ன இப்படிக் கேக்குது” என்று பயந்தவர்கள் ஆறு மாதத்தில் பழகிவிட்டதாகச் சொல்வதில் பாதி பழக்கம், பாதி திரைச்சீலை.

அடித்தொனிக்கு அதுவும் உதவாது. 120 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 2.9 மீட்டர், என் படுக்கையறை அகலமே அவ்வளவுதான். அவ்வளவு நீள அலை இவ்வளவு சின்ன அறைக்குள் வந்தால் அங்கங்கே தேங்கும், மூலைகளில் குவியும். மென்பொருள், அறை முழுக்கச் சத்தம் சமமாகப் பரவியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு சராசரி சொல்லும். என் தலையணை சராசரியில் இல்லை, மூலையில் இருக்கிறது. கட்டிலை ஒன்றரை அடி நகர்த்திப் பார்த்தேன். பொய்ச்சுவர் செய்யாததை அந்த ஒன்றரை அடி செய்தது.

மேல் வீட்டுச் சத்தம் தனிக் கதை. அதற்கென்று ஒரு பொறி உண்டு: அரைக் கிலோ சுத்தியல் ஐந்து, 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்குப் பத்து அடி. மேல் வீட்டில் அதை ஓட்டிவிட்டுக் கீழே நின்று அளக்க வேண்டும். நம் ஊர்ச் சோதனைக்கு லெசொங் என்ற கையுரலும் உலக்கையும் போதும் என்பது என் தாழ்மையான கருத்து. காங்கிரீட்டில் நேராக டைல்ஸ் ஒட்டிய தளத்தில், காலை ஆறு மணிக்கு யாராவது சம்பால் இடித்தால் இரண்டு மாடிக்குக் கீழேயும் பசியாற எழுந்துவிடுவார்கள். லெசொங்குக்கு அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் தீர்ந்தது. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் எந்தச் சுவரும் அந்த அளவுக்குப் பலன் தராது. நள்ளிரவில் மேலே கோலிக்குண்டு உருளும் சத்தம் பற்றிக் கேட்பவர்களுக்கு: அந்த வீட்டில் பேய்க்குழந்தை இல்லை. தண்ணீர்க் குழாயில் அழுத்தம் சடாரென்று மாறும்போது இப்படித் தட்டுவதுண்டு என்பது என் பதில். என் அம்மா இதை ஏற்றுக்கொண்டதில்லை.

பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து, தயங்கித் தயங்கி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். பையன்களைக் கொஞ்சம் ஹாலுக்கு மாறச் சொல்ல முடியுமா என்று கேட்கத்தான் போனேன். ஹாலுக்கு மாறினால் நடுவில் இன்னொரு சுவரும் இன்னொரு சந்திப்பும் சேரும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, நானே உங்கள்ட்ட கேக்கணும்னு இருந்தேன். வருத்தப்படாதீங்க. இப்ப கொஞ்ச நாளா உங்க ரூம் டிவில செய்தி வாசிக்கிறாரே, அவரு குரலு எங்க பக்கம் ஒரு மாதிரி உறுமுது. பேச்சு புரியல, சும்மா ஊம் ஊம்னு. முன்ன இப்படி இல்ல.”

ஆண் குரலின் அடித்தொனி 120 ஹெர்ட்ஸ் பக்கம்தான். சுவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு விடுகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் அவ்வளவே விடும். நான் செய்த பெட்டி இரண்டு வீட்டுக்கும் பொது.

உண்மையைச் சொன்னேன். அக்கா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பையனே ஸ்குரூடிரைவரோடு வந்து நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து பலகைகளைக் கழற்றினோம். பழைய சுவர் தூசியோடு வெளியே வந்தது. மேளம் ஹாலுக்கு மாறியது. அடுத்த சனிக்கிழமை அளந்தபோது 125 பட்டை 9 டெசிபெல் இறங்கியிருந்தது.

கழற்றிய பலகைகள் நடைபாதையில் சாத்தியிருந்தன. பையன் அவற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

“அங்கிள், இத நான் எடுத்துக்கவா? எங்க ரூம்ல அந்தச் சுவர்ல அடிச்சிட்டா அம்மாவுக்கும் தொல்லை இருக்காதுல?”

“எவ்வளவு இடைவெளி விடுவ?”

“எதுக்கு அங்கிள் இடைவெளி? ஒட்டினாப்புல அடிச்சிரலாம், ரூம் சின்னதுல.”